வலி இல்லை, ஆனால் வாய் திறக்கவில்லை: கோத்தகிரித் தாயின் கடிதத்துக்குப் பதில்

கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்குச் சிறிய தேயிலைத் தோட்டம். இவரும் கூடவே இலை பறிக்கிறார். மூத்த மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கொய்யாவைக் கடிக்க முடியவில்லை என்று சொன்னான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வருடத்துக்கு வருடம் வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. இப்போது வர்க்கியை டீயில் ஊறவைத்து உள்ளே தள்ளுகிறான். இட்லியைக்கூட விரல் நுனி அளவுக்குக் கிள்ளித்தான் சாப்பிடுகிறான். பள்ளியில் மதிய உணவு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறான். வலி மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

முதலில் பார்த்த பல் மருத்துவர் கடைவாய்ப் பல் முளைப்பதால் வந்தது என்று மாத்திரை கொடுத்தார். பிறகு அந்தப் பல்லை எடுத்துவிடலாம் என்றார். இன்னொரு இடத்தில் இரவில் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து கொடுத்தார்கள். மாதக்கணக்கில் போட்டும் பயனில்லை. ஊரில் பெரியவர்கள் "பனி ஏறி தாடை இறுகிடுச்சு" என்று சொல்லி மப்ளர் கட்டவைத்து, சூடான எண்ணெய் தேய்த்தார்கள். உறவினர் ஒருவர் "பாக்கு, பான் மசாலா போடுறவனுக்குத்தான் இப்படி ஆகும்" என்று சொல்லிவிட்டார். அப்பா மகனின் பையைச் சோதித்தார், திட்டினார், ஒருநாள் கையும் ஓங்கிவிட்டார். பையன் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான். அன்றிலிருந்து அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு முகத்தாடை அறுவை மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து மென்மையாகத்தான் இருக்கிறது என்றார். வாய் திறப்பை அளந்து 14 மில்லிமீட்டர் என்று எழுதினார். எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். கீழ்த்தாடையில் 'கொரனாய்டு' என்ற முனை இரண்டு பக்கமும் நீளமாக வளர்ந்து கன்ன எலும்பில் இடிக்கிறது என்று அறிக்கை வந்தது. முழு மயக்கம் கொடுத்து இரண்டு பக்கமும் அந்த முனையை எடுக்க வேண்டும் என்றார்.

இது புற்றுநோயா? ஆபரேஷன் இல்லாமல் பயிற்சியில் சரியாகாதா? பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடலாமா? முகம் மாறிவிடுமா? 12 வயதுத் தம்பிக்கும் வருமா? செலவுக்கு என்ன செய்வது? இவையெல்லாம் அந்தத் தாயின் கேள்விகள். கடைசியாக ஒரு வரி: "இவங்க அப்பாவுக்குப் புரியற மாதிரி நீங்களே எழுதுங்க டாக்டர்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டது அடியோடு ஆதாரமில்லாத விஷயம் என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் ஓர் இளைஞன் வாய் திறக்க முடியவில்லை என்று வந்தால், மருத்துவர்களும் முதலில் நினைப்பது பாக்கினால் வரும் நோயைத்தான். ஆனால் அந்த நோய்க்கென்று அடையாளங்கள் இருக்கின்றன. கன்னத்தின் உள்தோல் வெளிறிப்போகும். விரலால் தடவினால் உள்ளே கயிறு கயிறாகத் தட்டுப்படும். கொஞ்சம் காரம் பட்டாலே எரியும். உங்கள் மகனின் கன்னத்தை அழுத்திப் பார்த்த மருத்துவர் அங்கே எல்லாம் மென்மையாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். எரிச்சல் இருந்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. தடுப்பு எலும்பில் இருப்பதை ஸ்கேன் காட்டியிருக்கிறது. பாக்கு போட்டு எந்த எலும்பும் இப்படி வளராது. பையன் சொன்னது உண்மை. அவனிடம் அதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இனி வரப்போகும் சிகிச்சையில் பல மாதங்கள் அவனுக்கு வீட்டில் ஒருவருடைய துணை தேவைப்படும். அது நீங்களாக இருந்தால் நல்லது.

இனி சகோதரிக்கு. ஸ்கேன் படங்களை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். இறுதி முடிவு அவனைப் பரிசோதித்த மருத்துவருடையது. ஆனால் அவர் சென்றிருக்கும் வழி சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன்.

உள்ளே என்னதான் நடந்திருக்கிறது

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உருண்டு நகர்வது தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பு பின்பக்கம் மேலே ஏறி இரண்டு முனைகளாகப் பிரிகிறது. பின்னால் இருப்பது குமிழ் போன்றது. மூட்டுக்குள் உட்கார்ந்திருப்பது அதுதான். முன்னால் இருப்பது கூம்பி நிற்கும், தட்டையான முனை. அதுதான் கொரனாய்டு. பல்லைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டில் புடைக்கிற தசை கீழே வந்து இந்த முனையைத்தான் பிடித்திருக்கிறது. வாய் திறக்கும்போது இந்த முனை கன்ன எலும்பின் உள்பக்கமாக முன்னும் கீழுமாக நகர வேண்டும். சாதாரண நீளத்தில் இருந்தால் இடிக்காமல் நகர்ந்துவிடும். நீளமாக வளர்ந்துவிட்டால் கன்ன எலும்பின் பின்பக்கத்தில் போய் முட்டி நின்றுவிடும்.

கதவுக்குப் பின்னால் உர மூட்டையை வைத்துவிட்டால், கீல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதவு பாதிதான் திறக்கும். உங்கள் மகனுக்கு நடந்திருப்பது அதுதான். கீல் மூட்டில் கோளாறு இல்லை. அதனால்தான் வலியும் இல்லை, மூட்டுக்கென்று கொடுத்த தகடும் உதவவில்லை.

இது அரிதான நிலைதான், ஆனால் புதிதல்ல. 1853-இலேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் லாங்கென்பெக் இதை எழுதிவைத்திருக்கிறார். 1899-இல் ஜேக்கப் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்கு நெருக்கமான இன்னொரு நிலையை விவரித்தார். அதில் கொரனாய்டு முனையில் குருத்தெலும்புக் கட்டி வளர்ந்து, கன்ன எலும்போடு உரசி உரசி ஒரு பொய்யான மூட்டே உருவாகிவிடும். அதற்கு ஜேக்கப் நோய் என்று பெயர். அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். கன்னம் ஒரு பக்கம் புடைக்கலாம், வாய் திறக்கும்போது தாடை கோணலாம். உங்கள் மகனுக்கு இருப்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்ட முனை. இது பெண்களைவிட ஆண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்கி மெதுவாகக் கூடும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனம் இந்தப் பக்கம்தான் போனது.

ஏன் வளர்கிறது என்பதற்கு ஒரே ஒரு காரணம் நிறுவப்படவில்லை. நெற்றிப்பொட்டுத் தசையின் அதிக இழுவிசை, பருவ வயதின் ஹார்மோன்கள், பழைய அடி, மரபு என்று பல கருத்துகள் உண்டு. அந்தப் பட்டியலில் பனிக்கு இடமில்லை. குளிர்ந்த காலையில் தசை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அதனால் வாய் இன்னும் திறக்காதது போலத் தோன்றும். வெயில் ஏறியதும் அது தளரும். எலும்பைக் குளிர் வளர்க்காது. நீங்கள் மப்ளர் கட்டிவிடாததாலோ, எண்ணெய் தேய்க்கத் தவறியதாலோ வந்த நோய் அல்ல இது.

ஏன் இத்தனை வருடம் பிடிபடவில்லை

வாய் திறக்காமல் போக நிறையக் காரணங்கள் உண்டு. கடைவாய்ப் பல்லைச் சுற்றி சீழ், தசைப் பிடிப்பு, மூட்டுக்குள் இருக்கும் வட்டு விலகுவது, சிறு வயதில் மோவாயில் அடிபட்டு மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போவது, பாக்கு நோய், கட்டிகள் எனப் பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றுக்கு வலியோ வீக்கமோ அடிபட்ட கதையோ இருக்கும். உங்கள் மகனுக்கு எதுவுமே இல்லை. வலி இல்லாமல், சீராக, வருடக்கணக்கில் குறைந்துகொண்டே போனது என்பதுதான் இதில் பெரிய துப்பு. ஆனால் வலி இல்லாதவனை யாரும் அவசரமாகப் பார்ப்பதில்லை. அவனும் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடப் பழகிவிடுகிறான்.

இன்னொன்றும் உண்டு. பல்லுக்கென்று எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் இந்த முனை விழவே விழாது. தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் தெரியும், ஆனால் பார்ப்பவரின் கண் மூட்டின் குமிழிலேயே நின்றுவிடும். முன்னால் இருக்கும் முனை குமிழைத் தாண்டி உயர்ந்து நிற்கிறதா, கன்ன எலும்பின் மட்டத்துக்கு மேலே போகிறதா என்று தேடிப் பார்த்தால்தான் பிடிபடும். ஐயத்தைத் தீர்ப்பது முப்பரிமாண சிடி ஸ்கேன். அதிலும் முடிந்த அளவு வாயைத் திறந்த நிலையில் எடுத்தால் எந்த இடத்தில் இடிக்கிறது என்பதே தெரிந்துவிடும். உங்களிடம் இருக்கும் ஸ்கேன் வாய் மூடிய நிலையில் மட்டும் எடுத்ததா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் மருத்துவர் இன்னொன்று எடுக்கச் சொல்லலாம். சொல்லாவிட்டால் நீங்களாக வற்புறுத்த வேண்டியதில்லை.

மருத்துவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை சில உண்டு. பிறந்ததிலிருந்தே வாய் சிறிதாகத் திறந்ததா? மணிக்கட்டைப் பின்னால் மடக்கும்போது விரல்கள் தானாகச் சுருண்டுகொள்கின்றனவா? இது குடும்பத்தில் வரும் வேறொரு அரிய நோயின் அடையாளம். காலையில் எழும்போது முதுகும் இடுப்பும் நெடுநேரம் இறுகியிருக்கிறதா? தண்டுவட மூட்டுவாதம் உள்ள சிலருக்கும் கொரனாய்டு முனை நீண்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் இல்லை என்றால் இல்லை என்று சொன்னாலே போதும்.

புற்றுநோய் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வடிவத்தில், வருடக்கணக்கில் மெதுவாக, வலியே இல்லாமல் நீண்ட முனை புற்றுநோயின் நடத்தை அல்ல. இந்த நிலையில் எடுக்கும் எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தால் சாதாரண எலும்பாகத்தான் இருக்கும். ஆனாலும் வெட்டி எடுத்ததைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்புகிறார்களே என்று அப்போது பதற வேண்டாம். குருத்தெலும்புக் கட்டி ஏதாவது இருக்கிறதா என்பதை உறுதி செய்ய அதுதான் வழி.

ஆபரேஷன் இல்லாமல் முடியுமா

முடியாது. எலும்பை மாத்திரை சுருக்காது, தகடு சுருக்காது, எண்ணெயும் சுருக்காது. பயிற்சியும் இப்போது உதவாது. தசை இறுகியிருந்தால் இழுத்துத் தளர்த்தலாம். எலும்போடு எலும்பு முட்டும் இடத்தில் இழுத்தால் பல் ஆடும், நல்ல மூட்டும் தசையும்தான் காயப்படும். உறவினர் யாரோ ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே தள்ளச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது அதைச் செய்யாதீர்கள். அதே குச்சிகள் ஆபரேஷனுக்குப் பின் அவனுக்கு மருந்தாகும். அதைக் கீழே சொல்கிறேன்.

அந்தக் கடைவாய்ப் பல்லையும் விட்டுவிடுங்கள். ஈறு வீங்கி, சீழ் வைத்து வலித்தால் அது தனி விஷயம். அப்படி எதுவும் இல்லாதபோது அந்தப் பல்லை எடுத்தால் வாய் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாகத் திறக்காது. 14 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் கருவியை விட்டுக் கடைவாய்ப் பல்லை எடுப்பது பையனுக்கும் மருத்துவருக்கும் பெரும் பாடு.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் வாய்க்கு உள்ளேயே செய்யப்படுகிறது. கடைசிப் பல்லுக்குப் பின்னால், தாடை மேலேறும் இடத்தில் உள்தோலைக் கீறி, தசையை எலும்பிலிருந்து பிரித்து, முனையை அதன் அடியில் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். வெளியே தழும்பு இருக்காது. மிகப் பெரிதாக வளர்ந்து வாய் வழியே எடுக்க முடியாதவர்களுக்கு மட்டும் வெளிப்புறக் கீறல் தேவைப்படலாம். முனையை வெட்டி அங்கேயே விட்டுவிடும் இன்னொரு முறையும் உண்டு. அதில் வேலை குறைவு, ஆனால் வெட்டிய துண்டு திரும்ப ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. உங்கள் மருத்துவர் எந்த முறையை, ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முகம் மாறாது. முதல் ஒன்றிரண்டு வாரம் கன்னம் வீங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தசையின் பிடிமானத்தை எடுத்துவிட்டால் எப்படி மெல்லுவான் என்று கேட்டிருந்தீர்கள், நல்ல கேள்வி. பல்லைக் கடிக்க உதவும் தசை அது ஒன்று மட்டுமல்ல. கன்னத்தில் இருக்கும் தசையும் தாடையின் உள்பக்கத் தசையும் அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும். பேச்சு கெடாது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ரத்தக் கசிவு, உள்ளே ரத்தம் கட்டுவது, கிருமித் தொற்று, கன்னத்தின் உள்பக்கமோ நாக்கோ சில காலம் மரத்துப்போவது. எல்லாவற்றையும்விட, உள்ளே தழும்பு இறுகியோ எலும்பு மறுபடி வளர்ந்தோ வாய் திரும்பச் சுருங்குவது. கையெழுத்துப் போடும் முன் இவை ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அவனுக்கு 18 ஆகவில்லை என்பதால் கையெழுத்து உங்களுடையது. ஆனால் விளக்கம் சொல்லும்போது அவனும் உள்ளே உட்கார்ந்து கேட்க வேண்டும். வெளியே நிற்கச் சொல்லாதீர்கள்.

மயக்க மருந்து: இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சாதாரணமாக முழு மயக்கம் கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, வாயை நன்றாகத் திறந்து சுவாசக் குழாயைத் தொண்டைக்குள் இறக்குவார்கள். உங்கள் மகனுக்கு அது முடியாது. மயங்கிய பிறகு வாய் திறக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது, ஏனென்றால் தடுப்பது தசை அல்ல, எலும்பு. தூங்கிய பின் குழாய் இறங்காமல் மூச்சு தடைப்பட்டால் அது உயிருக்கே ஆபத்து.

இதற்குப் பாதுகாப்பான வழி இருக்கிறது. மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, அவன் விழித்திருக்கும்போதே, வளையக்கூடிய மெல்லிய கேமராக் குழாயின் வழிகாட்டுதலில் மூக்கு வழியாகச் சுவாசக் குழாயைச் செலுத்துவார்கள். அது சரியான இடத்தில் இருப்பது உறுதியான பிறகுதான் தூங்கவைப்பார்கள். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், இருமல் வரும். ஆனால் முன்கூட்டியே சொல்லிவைத்தால் 17 வயதுப் பையன் நன்றாக ஒத்துழைப்பான். அந்தக் கருவியும், அதில் பழகிய மயக்க மருத்துவரும் இருக்கும் மருத்துவமனையில்தான் இதைச் செய்ய வேண்டும். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரைத் தனியாகச் சந்தித்து, "எந்த வழியில் குழாய் போடுவீர்கள், அது முடியாவிட்டால் அடுத்து என்ன?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தெளிவாக இரண்டு மூன்று மாற்று ஏற்பாடுகளைச் சொல்வார். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு மருத்துவமனை பாருங்கள்.

இதே காரணத்துக்காக, அதுவரை வேறு எந்தச் சிகிச்சைக்கும் சின்ன கிளினிக்கில் தூக்க ஊசி போட சம்மதிக்காதீர்கள். அவனுடைய பர்ஸில் ஒரு சீட்டு வையுங்கள்: "எலும்புத் தடையால் வாய் 14 மில்லிமீட்டர் மட்டுமே திறக்கும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். மலைப் பாதையில் பஸ்ஸிலும் பைக்கிலும் போய் வருகிற பையன். எங்காவது அடிபட்டு 108-இல் ஏற்றினால் அந்த ஒரு வரி மருத்துவர்களுக்குப் பெரிய உதவி.

ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி

ஆபரேஷனில் கிடைத்த பலனை, பயிற்சியைச் சரியாகச் செய்யாததால் இழந்தவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் கனக்கும். ஆபரேஷன் மேசையில் வாய் நன்றாகவே திறந்துவிடும். பெரியவர்களுக்கு மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே சுமார் 35 முதல் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதாவது அவரவர் மூன்று விரல்கள் செங்குத்தாகப் போகும் அளவு. ஆனால் வீக்கமும் வலியும் வந்ததும் அந்த அளவு இறங்கும். வலிக்கிறதே என்று சில வாரங்கள் சும்மா விட்டால், வெட்டிய இடத்தில் தழும்பு இறுகி, பழைய நிலைக்கே போய்விடலாம். வருடக்கணக்கில் நீளாமல் இருந்த தசைகளும் அவனைப் பின்னுக்கு இழுக்கும்.

அதனால் மருத்துவர் அனுமதித்ததும், பொதுவாக முதல் சில நாட்களுக்குள்ளேயே, பயிற்சி தொடங்கிவிடும். மரக் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாளாக நாளாக ஒவ்வொரு குச்சியாகக் கூட்டுவது எளிய, மலிவான முறை. திருகி விரிக்கும் கருவியும், கையால் அழுத்தித் திறக்கும் கருவியும் உண்டு. எதுவானாலும் ஒரு நாளைக்குப் பல முறை செய்ய வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு செய்தால் சுலபமாக இருக்கும். கோத்தகிரிக் காலைக் குளிரில் ஒத்தடம் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். வலி மாத்திரையைப் பயிற்சிக்குக் கொஞ்ச நேரம் முன்பாகப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம்வரை இது தொடரும்.

ஒரு நோட்டில் தேதி போட்டுக் காலையிலும் இரவிலும் ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் நுனிவரை. அளக்கும் பொறுப்பை அவன் அப்பாவிடம் கொடுங்கள் என்று நான் சொல்வேன். தொடர்ந்து சில நாட்கள் அளவு இறங்கினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும்.

உணவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ராகிக் கஞ்சி, குழைந்த களி, கடைந்த பருப்பு, முட்டை, மோர். முதல் வாரங்களுக்கு இது போதும்.

பரீட்சைக்கு முன்பா, பின்பா

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். உங்கள் மகன் மூச்சு விடச் சிரமப்படவில்லை, சாப்பாடு உள்ளே போகிறது என்றால், தேர்வு முடிந்தவுடன் செய்துகொள்ளலாம் என்பதே என் கருத்து. ஆபரேஷனுக்குச் சில நாட்கள் போதும், ஆனால் அதற்குப் பிறகான மாதங்களில் அவன் கவனம் முழுவதும் பயிற்சியில் இருக்க வேண்டும். தேர்வு நேரத்தில் அது நடக்காது. வளர்ச்சி முழுதாக முடியும்வரை காத்திருந்தால் மறுபடி வளரும் வாய்ப்பு குறையும் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. 17 வயதில் பெரும்பகுதி வளர்ச்சி முடிந்திருக்கும். அதற்காக இன்னும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுவது நியாயமில்லை. கல்லூரியில் சேரும்போது அவன் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஆனால் தேர்வுவரை காத்திருப்பதற்கு ஒரு நிபந்தனை. மாதம் ஒருமுறை எடை பாருங்கள், வாய் அளவைக் குறித்துவையுங்கள். எடை இறங்கினாலோ அளவு வேகமாகக் குறைந்தாலோ, காய்ச்சல், வலி, கன்ன வீக்கம் என்று புதிதாக ஏதாவது வந்தாலோ தேர்வைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள். ஆபரேஷன் தேதியை இப்போதே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. ஏப்ரல், மே சீசனில் மேட்டுப்பாளையம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாராவாரம் இறங்கி ஏற வேண்டியிருக்கும் முதல் மாதத்துக்குக் கோவையில் உறவினர் வீடு ஏதாவது இருந்தால் அங்கே தங்குங்கள்.

செலவு, காகிதங்கள், தம்பி

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்தில் பதிவு செய்யுங்கள். இதைத் தேர்வு முடியும்வரை தள்ளாதீர்கள். ஒவ்வொரு சிகிச்சையும் எந்த மருத்துவமனையில் திட்டத்தின் கீழ் வரும் என்பது வேறுபடும். அதனால் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் இந்த ஆபரேஷனின் பெயரைச் சொல்லி, முன் அனுமதி கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாரில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, பரிந்துரைக் கடிதத்தோடு கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. முதல் மருத்துவரை அவமதிப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். ஸ்கேனின் அச்சிட்ட படம் மட்டும் போதாது, குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ முழுப் பதிவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முடியும், இன்னொரு ஸ்கேனும் அதன் செலவும் மிச்சம்.

தம்பியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குடும்பத்தில் இருவருக்கு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருந்தாலும், பெரும்பாலும் இது ஒருவருக்கு மட்டும் வந்து நிற்பதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லிப் பாருங்கள். போனால் சரி. போகாமல் குறைந்துகொண்டே வந்தால் அண்ணனைப் பார்த்த மருத்துவரிடமே காட்டுங்கள். அவனுக்கு வீணாக இப்போது எக்ஸ்ரே எதுவும் தேவையில்லை.

ஆபரேஷன்வரை மூத்தவனின் பல்லைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. குழந்தைகளுக்கு விற்கும் சின்னத் தலை பிரஷ்ஷை வாங்கிக் கொடுங்கள். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். இப்போது கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தால் அடைக்கக்கூடக் கருவி நுழையாது. பல்லில் கூச்சமோ வலியோ தொடங்கினால் உடனே கோவை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து வாய் திறந்ததும், முதலில் பார்த்த பல் மருத்துவரிடமே போய்ப் பற்கள் எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். அவருக்கும் ஸ்கேன் அறிக்கையின் நகல் ஒன்றைக் கொடுங்கள், அடுத்து இப்படி ஒரு பையன் வந்தால் அவருக்கு நினைவுக்கு வரும்.